சட்டவிரோத ஆட்டக்காரர்

மைதானம் நிறைய ஜனம். ஆட்டம் ஆரம்பிக்கப் போகிறது. திடீரென்று ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு. கனவான்களே, சீமாட்டிகளே, 24ஆம் நம்பர் பனியன் போட்டுக்கொண்டு சட்டவிரோதமாக ஓர் ஆட்டக்காரர் உள்ளே வந்திருக்கிறார். அவரை வெளியேற்றியாக வேண்டும்.

கூட்டம் ஊளையிடுகிறது. கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிறது. ஆறடி எட்டு அங்குல உயரத்தில் ஒரு கறுப்பு இளைஞர், தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடக்கிறார். அவர் யாரையும் அடிக்கவில்லை. திருடவில்லை. ஊக்கமருந்து சாப்பிட்டுவிட்டு வரவில்லை. பள்ளிக்கூடப் படிப்பை முடித்து நாலு வருடம் ஆகவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

ஸ்பென்சர் ஹேவுட் பின்னாளில் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்ன காட்சி இது. 1971ஆம் வருடத்தின் தொடக்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகும் அவரும் கோர்ட்டில் கட்டிப் புரண்டுகொண்டிருந்த சமயம். இன்றைக்கு அந்த லீகில் இருபது வயதுப் பையன்கள் கோடிகளில் சம்பளம் வாங்குகிறார்களே, அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர் இவர்தான். வாங்குகிற பையன்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஆதியிலிருந்து வருவோம்.

மிசிசிபி மாநிலத்தில் சில்வர் சிட்டி என்று ஓர் ஊர். வெள்ளியும் கிடையாது, சிட்டியும் கிடையாது. பருத்திக் காடுதான். 1949 ஏப்ரல் 22ஆம் தேதி ஹேவுட் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மொத்தம் பத்துக் குழந்தைகள். அம்மா யூனிஸ் பருத்தி எடுக்கப் போவார். நாளெல்லாம் வெயிலில் குனிந்து எடுத்தால் 2 டாலர் கூலி. பிள்ளைகளும் நடக்கத் தெரிந்த கொஞ்ச நாளிலேயே கோணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா பின்னாலேயே போயாக வேண்டும். நம் ஊர்ப் பக்கம் பருத்தி எடுத்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ந்த காய் ஓடு விரல் நுனியைக் கிழிக்கும்.

பதினைந்து வயது வாக்கில் பையன் வடக்கே கிளம்பிவிட்டான். கடைசியில் டெட்ராய்ட். அங்கே பெர்ஷிங் என்கிற பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வில் ராபின்சன் கறுப்பினத்தவர், மகா கண்டிப்பானவர். பையனுக்குத் தங்க ஒரு குடும்பம் கிடைத்தது, வாத்தியாரே கிட்டத்தட்ட அப்பா ஆனார். 1967ல் பெர்ஷிங் பள்ளி மாநில சாம்பியன்.

அடுத்த வருடம் ஹேவுட் கொலராடோவில் ஒரு சிறிய ஜூனியர் கல்லூரியில் இருந்தார். 1968, மெக்சிகோ ஒலிம்பிக்ஸ் வருடம். அமெரிக்காவே கொதித்துக்கொண்டிருந்தது. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். கறுப்பின விளையாட்டு வீரர்கள் ஒலிம்பிக்ஸைப் புறக்கணிக்க வேண்டும் என்று ஓர் இயக்கமே கிளம்பியிருந்தது. அப்போது கல்லூரிக் கூடைப்பந்தின் மிகப்பெரிய பெயர் லூ அல்சிண்டர். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆனவர். அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். அணியில் காலி இடம். அதில் வந்து உட்கார்ந்தது 19 வயது ஹேவுட்.

உட்கார்ந்தா இருந்தார்? அமெரிக்க அணியிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். ஒன்பது ஆட்டங்களில் 145 புள்ளிகள். இறுதி ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவை 65-50 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்கள். அதே மெக்சிகோவில்தான் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பதக்க மேடையில் கறுப்பு உறை போட்ட கையை உயர்த்தினார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹேவுட் தங்கத்தோடு ஊர் திரும்பினார்.

திரும்பிய இடம் டெட்ராய்ட் பல்கலைக்கழகம். ஆட்டத்துக்குச் சராசரியாக 32 புள்ளிகள், 21க்கு மேல் ரீபவுண்ட். ரீபவுண்ட் என்றால் வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தை எகிறிப் பிடிப்பது. நாட்டிலேயே முதலிடம். ஆனாலும் பையன் ஒரே வருடத்தில் கிளம்பிவிட்டான். காரணம், வாத்தியார். வில் ராபின்சனைப் பயிற்சியாளராகப் போடுவார்கள் என்கிற நம்பிக்கையில்தான் ஹேவுட் அங்கே சேர்ந்தார். போடவில்லை. வேறு ஒருவரை நியமித்தார்கள். நீங்களும் ஆச்சு, உங்கள் கல்லூரியும் ஆச்சு என்று வெளியே வந்துவிட்டார்.

இங்கேதான் சிக்கல்.

என்.பி.ஏ.வில் ஒரு விதி இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்து நாலு வருடம் ஆகாத யாரையும் எந்த அணியும் சேர்க்கக் கூடாது. கல்லூரியில் படிக்கிறானா, இல்லையா என்பதெல்லாம் பிரச்னையே இல்லை. படிக்காவிட்டாலும் நாலு வருடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பையன்களின் படிப்பு கெடக்கூடாதே என்கிற நல்லெண்ணம் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள்.

நான் படித்தது பி.காம். எனக்கு இதில் நல்லெண்ணம் தெரியவில்லை, கணக்குதான் தெரிகிறது. கல்லூரிக் கூடைப்பந்து என்பது லீகுக்கு இலவசப் பயிற்சிக்கூடம். நாலு வருடம் கல்லூரி தன் செலவில் பையனைத் தயார் பண்ணும். டி.வி.யில் காட்டும். பெயர் ஊர் முழுக்கப் பரவும். பிறகு ஒரு சுபதினத்தில் லீக் அவனை அள்ளிக்கொண்டு போகும். மூலப்பொருளும் இலவசம், விளம்பரமும் இலவசம். கல்லூரிக்கு என்ன லாபம்? டிக்கெட் வசூல், டி.வி. வசூல் எல்லாம் அதற்கு. ஆடுகிற பையனுக்கு? படிப்புச் செலவு, தங்க இடம், சாப்பாடு. சம்பளம் என்று ஒரு சல்லிக்காசு கூடாது என்பதுதான் அப்போது விதி. தன் பெயரை வைத்து விளம்பரத்தில் ஒரு டாலர் சம்பாதிப்பதற்கே 2021 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது.

மிசிசிபியில் அம்மா இன்னும் பருத்திக் காட்டில் இருக்கிறார். மகனுக்கு நாலு வருடப் பொறுமை எங்கிருந்து வரும்?

நல்லவேளை, அப்போது கடையில் போட்டி இருந்தது. ஏ.பி.ஏ. என்று எதிர் லீக் ஒன்று 1967ல் தொடங்கியிருந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று வர்ணத்தில் பந்து. கோமாளித்தனம் என்று பெரிய லீக்காரர்கள் சிரித்தார்கள். புதுக்கடைக்காரனுக்குச் சரக்கு முக்கியம், ஜாதகம் பார்க்க முடியாது. குடும்பக் கஷ்டம் என்றொரு விதிவிலக்கை உருவாக்கி, 1969ல் டென்வர் ராக்கெட்ஸ் அணி ஹேவுடை எடுத்துக்கொண்டது. உரிமையாளர் ரிங்ஸ்பி, லாரி கம்பெனி முதலாளி. அணியின் பெயரே அவருடைய லாரிகளின் பெயர்தான்.

முதல் வருடம். ஆட்டத்துக்கு 30 புள்ளிகள். 19.5 ரீபவுண்ட். லீகின் சிறந்த புதுமுகமும் அவரே, மிகச் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. வயது 20.

ரிங்ஸ்பி சந்தோஷப்பட்டு ஒப்பந்தத்தை மாற்றி எழுதினார். பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. 19 லட்சம் டாலர்! பருத்திக்காட்டுப் பையனுக்கு 19 லட்சம்!

கொஞ்சம் பொறுங்கள். அந்த 19 லட்சத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

ஏ.பி.ஏ.வில் அப்போது ஒரு வித்தை பிரபலம். அணி வருடா வருடம் ஒரு சின்னத் தொகையை ஆட்டக்காரர் பெயரில் எங்காவது முதலீடு செய்யும். அது குட்டி போட்டுப் பெருகி, அவருக்கு வயதாகி முடி நரைக்கிற காலத்தில் தவணை தவணையாகத் திரும்பி வரும். வரப்போகிற அந்தத் தொகை முழுவதையும் இன்றைக்கே கூட்டிப்போட்டு ஒப்பந்தத்தின் மதிப்பு இவ்வளவு என்று அறிவித்துவிடுவார்கள். சுலபமாகப் புரிய நம் கணக்கில் சொல்கிறேன். இருபது வருடம் கழித்து 10 லட்சம் ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், 8 சதவிகித வட்டியில் அதன் இன்றைய மதிப்பு 2 லட்சத்துச் சொச்சம். பத்திரிகையில் 10 லட்சம் என்று வரும். பாக்கெட்டில் இருப்பது 2 லட்சம். இதில் பொய் எதுவும் இல்லை. உண்மையும் அதிகம் இல்லை.

ஹேவுடின் 19 லட்சத்திலும் பெரும்பகுதி இப்படிப்பட்ட தூரத்துப் பச்சைதான். ஆல் ராஸ் என்கிற வக்கீல் பத்திரத்தைப் படித்துச் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது. முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் ஒரு வக்கீல்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, அப்போது அங்கே 21 வயது ஆனால்தான் மேஜர். அவருக்கு 20. மைனர் போட்ட ஒப்பந்தம் அவனைக் கட்டுப்படுத்தாது என்பது பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். 21 முடிந்ததும் ஹேவுட், இது மோசடி, நான் வரமாட்டேன் என்று டென்வரை உதறினார்.

சரி, எங்கே போவது? ஏ.பி.ஏ.வுக்குத் திரும்ப முடியாது. என்.பி.ஏ. 1971 வரை சேர்க்காது.

சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அணியின் முதலாளி சாம் ஷுல்மன் வேறு மாதிரி ஆள். விதியாவது ஒன்றாவது என்று 1970 டிசம்பர் கடைசியில் ஹேவுடை ஒப்பந்தம் செய்துவிட்டார். ஆறு வருடம், 15 லட்சம் டாலர். லீகுக்கு ரத்தம் கொதித்தது. உள்ளேயே ஒரு கறுப்பு ஆடு! மற்ற முதலாளிகள் எல்லாம் ஒரு பக்கம், ஷுல்மன் தனியாக ஒரு பக்கம். லீக் சியாட்டில்மீது பாய, டென்வர் ஹேவுட்மீது பாய, ஹேவுட் லீக்மீது வழக்குப் போட, யார் வாதி, யார் பிரதிவாதி என்று தலைசுற்றும் அளவுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கோர்ட்டில் காகிதம் குவிந்தது.

ஹேவுட் பக்கத்து வாதம் எளிமையானது. அமெரிக்காவில் 1890லேயே ஷெர்மன் சட்டம் வந்துவிட்டது. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்துகொண்டு சந்தையைப் பூட்டக்கூடாது என்பது அதன் சாரம். நம் ஊர் எம்.ஆர்.டி.பி. சட்டத்துக்கெல்லாம் தாத்தா. ஊரில் உள்ள அத்தனை மில் முதலாளிகளும் சேர்ந்து, இன்னின்னாருக்கு நாங்கள் யாருமே வேலை தரமாட்டோம் என்று முடிவெடுத்தால் அது குற்றம். கூடைப்பந்து முதலாளிகள் மட்டும் செய்தால்?

பேஸ்பாலில் செய்யலாம். அதற்கு மட்டும் 1922லேயே சுப்ரீம் கோர்ட் விலக்குக் கொடுத்திருந்தது. கர்ட் ஃபிளட் என்கிற பேஸ்பால் வீரர், என்னைக் கேட்காமல் என்னை எப்படி இன்னொரு அணிக்கு விற்கலாம் என்று அதே சமயத்தில் வழக்குப் போட்டு, 1972ல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையே அத்தோடு முடிந்துபோனது. ஹேவுடும் அப்படி முடிந்திருக்க வேண்டியவர்தான்.

கீழ்க்கோர்ட் அவரை ஆட அனுமதித்தது. மேல்முறையீட்டு கோர்ட் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஆடு, ஆடாதே, ஆடு, ஆடாதே. நான் முதலில் சொன்ன ஒலிபெருக்கிக் காட்சி இந்த நாள்களில் நடந்ததுதான். ஒரு ராத்திரி பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, மைதானத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், உள்ளே தன் அணி ஆடுகிறது. இதுவும் அவர் சொன்னதுதான். எதிரணிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தன. சக ஆட்டக்காரர்களிலேயே பல பேருக்கு அவரைப் பிடிக்கவில்லை. நாங்களெல்லாம் நாலு வருடம் காத்திருக்கவில்லையா, இவன் என்ன பெரிய இவன் என்கிற கோபம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. வரிசையில் நின்று வந்தவனுக்கு, வரிசையே வேண்டாம் என்கிறவனைப் பிடிக்காது.

1971 மார்ச் 1. சுப்ரீம் கோர்ட் நீதிபதி வில்லியம் டக்ளஸ் உத்தரவு போட்டார். கூடைப்பந்துக்கு ஷெர்மன் சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் கிடையாது. ஹேவுட் ஆடலாம். சில பக்கங்களே கொண்ட உத்தரவு. ஆனால், கீழ்க்கோர்ட் சொன்ன ஒரு விஷயத்தை அவர் அதில் எடுத்துப் போட்டிருந்தார். வழக்கு முடிகிறவரை இந்த இளைஞனை உட்கார வைத்தால் அவன் திறமை துருப்பிடிக்கும், உடம்பு கெடும், நட்சத்திரம் என்கிற பெயர் மங்கும், அதைப் பிற்பாடு பணமாகக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது என்கிற வாதம். ஆட்டக்காரனின் முதல் என்பது அவனுடைய வயது. அதற்கு வட்டி கிடையாது, தேய்மானம் மட்டும்தான் உண்டு.

அதே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிபதி வாரன் ஃபெர்குசன், நாலு வருட விதியே சட்டவிரோதம் என்று தீர்ப்பு எழுதினார். யாராவது ஒருவன் வந்து என் நிலைமை இது, கேளுங்கள் என்று மனுக் கொடுக்கக்கூட அந்த விதியில் இடமில்லை என்பதைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டினார். லீகுக்குப் புரிந்துவிட்டது. சமாதானத்துக்கு வந்தது. ஹேவுட் சியாட்டிலிலேயே ஆடலாம் என்று முடிந்தது. அந்த சீசனில் அவருக்குக் கிடைத்தது 33 ஆட்டங்கள்.

முதலாளிகள் லேசில் விடுவார்களா? அதே 1971ல் புது ஏற்பாடு. நாலு வருடத்துக்கு முன்னால் வர விரும்புகிறவர், தன் குடும்பம் கஷ்டப்படுகிறது என்று நிரூபித்தால் வரலாம். தாசில்தார் ஆபீஸில் வருமானச் சான்றிதழ் வாங்குகிற மாதிரி. 1976ல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. மேஜிக் ஜான்சன் இரண்டு வருடத்தில் கல்லூரியை விட்டு வந்தார். மைக்கேல் ஜோர்டன் மூன்று வருடத்தில். கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் மூவரும் கல்லூரி வாசலையே மிதிக்காமல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக. 2005ல்தான் குறைந்தபட்சம் 19 வயது, பள்ளி முடித்து ஒரு வருடம் என்று மறுபடி ஒரு சின்ன வேலி போட்டார்கள். இந்தமுறை ஆட்டக்காரர் சங்கத்தோடு பேசி, ஒப்பந்தமாகவே போட்டுக்கொண்டார்கள். கோர்ட் பாடம் அந்தளவுக்கு நினைவிருந்தது.

ஹேவுட் என்ன ஆனார்?

சில வருடம் நன்றாகவே இருந்தார். 1972லும் 1973லும் லீகின் முதல் ஐந்து பேர் பட்டியலில் இடம். 1972-73ல் ஆட்டத்துக்கு 29.2 புள்ளிகள். 1975ல் சியாட்டில் முதல்முறையாக நாக்-அவுட் சுற்றுக்குப் போனது. அதே வருடம் அவரை நியூயார்க்குக்கு விற்றுவிட்டார்கள். நியூயார்க் என்றால் ராத்திரிகள். விருந்துகள். 1977ல், சோமாலியாவிலிருந்து வந்து உலக மாடலிங்கையே கலக்கிக்கொண்டிருந்த இமானுடன் கல்யாணம். மகள் பிறந்தாள். நியூயார்க்கிலிருந்து நியூ ஆர்லியன்ஸ், அங்கிருந்து 1979ல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ்.

லேக்கர்ஸில் அப்துல் ஜப்பார் இருந்தார். புதுப்பையன் மேஜிக் ஜான்சன் இருந்தார். கூடவே, ஊரெங்கும் கொகெய்ன் இருந்தது. ஹேவுட் அதில் விழுந்தார். 1980 இறுதிப் போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போது பயிற்சியில் அப்படியே தூங்கிவிட்டார். பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட் அவரை வெளியே அனுப்பினார். அணி சாம்பியன் ஆனது. 21 வயதைக்கூட எட்டாத மேஜிக் ஜான்சன் கடைசி ஆட்டத்தில் 42 புள்ளிகள் எடுத்து ஹீரோ ஆனார். ஹேவுட் போட்ட வழக்கு இல்லையென்றால் கல்லூரியில் மூன்றாம் வருடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டிய பையன். கதவைத் திறந்தவர் அன்றைக்கு அணியில் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை ஹேவுட் தானே எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை. வெஸ்ட்ஹெட்டைக் கொலை செய்ய முடிவெடுத்தார். டெட்ராய்டிலிருந்து பழைய ரவுடிச் சிநேகிதம் ஒன்றைப் பிடித்து, காரில் பிரேக்கைக் கெடுத்து வைப்பது என்று திட்டம். போனில் பேசும்போது மகனின் குரலிலேயே அம்மாவுக்கு ஏதோ தட்டுப்பட்டுவிட்டது. துருவிக் கேட்டார். விஷயம் வந்ததும், நானே உன்னைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்றார். யூனிஸ், பருத்திக்காட்டு யூனிஸ். திட்டம் அத்தோடு நின்றது. வெஸ்ட்ஹெட் பிழைத்தார், ஹேவுடும்.

இத்தாலியில் வெனிஸ் நகர அணிக்கு ஒரு சீசன் ஆடினார். திரும்பி வந்து வாஷிங்டனுக்கு ஆடி, 1983ல் முடித்துக்கொண்டார். போதையிலிருந்து சிகிச்சை எடுத்து மீண்டார். 1987ல் விவாகரத்து. 17 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள், ஒலிம்பிக் தங்கம், ஒரு சுப்ரீம் கோர்ட் உத்தரவு. இவ்வளவு இருந்தும், கூடைப்பந்தின் புகழ்க்கூடம் அவரைப் பல காலம் கண்டுகொள்ளவில்லை. போதை காரணமா, வழக்கு காரணமா? ஹேவுட் இரண்டாவதைத்தான் நம்பினார். போதையில் விழுந்த வேறு சிலரை உள்ளே சேர்த்துக்கொண்டவர்கள் என்பதால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

2007 பிப்ரவரியில் சியாட்டில் அணி 24ஆம் நம்பர் பனியனை இனி யாரும் போடக்கூடாது என்று அறிவித்து, கூரையிலிருந்து தொங்கவிட்டுக் கௌரவித்தது. அடுத்த வருடம் அந்த அணியே மூட்டை கட்டிக்கொண்டு ஒக்லஹோமா சிட்டிக்குக் குடிபோய்விட்டது. புகழ்க்கூடம் 2015ல்தான் கதவைத் திறந்தது. அப்போது ஹேவுடுக்கு 66 வயது.

அதற்குப் பிறகும் அவர் லீகிடம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார். பணம் இல்லை. கல்லூரியை முடிக்காமல் வரலாம் என்கிற அந்த விதிக்கு என் பெயரை வையுங்கள், ஸ்பென்சர் ஹேவுட் விதி என்று சொல்லுங்கள், இந்தப் பையன்கள் யார் என்றாவது கேட்பார்கள் இல்லையா என்றார்.